பூரணத்துக்குப் பதிலாக ஒரு செங்கல்

வெள்ளப்பேட்டை என்று ஒரு சின்ன நகரம் இருந்தது. அந்தப் பேரை வைத்த மகராசன் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஊரே திரண்டு போய் நாலு கேள்வி கேட்டிருக்கும். வெள்ளமாவது கிள்ளமாவது! மழைகூட அந்த ஊர்ப் பக்கம் வந்தால், தெரியாமல் வந்துவிட்டேன் என்று நாலு தூறலோடு திரும்பிப் போய்விடும்.

அந்த நகரத்தின் கிழக்கு வார்டில் குடங்களும் வாளிகளும் டிரம்களும் குடியிருந்தார்கள். பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சம்பந்தம் பண்ணுவார்கள், ஓட்டும் போடுவார்கள். நிறைவது ஒன்றுதான் அவர்களால் ஆகாத காரியம். நிறைகுடம் தளும்பாது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்ல அந்த வார்டில் ஒரு ஆள் கிடையாது.

வார்டுக்கு ஒரு தெருக்குழாய் உண்டு. குழாய் அண்ணாச்சி என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மண்ணுக்குள் ஓடுகிற பெரிய குழாய் ஒரு முக்கில் உடைந்து போனதிலிருந்து அவர் வாயில் காற்றுதான் வரும். ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம் கொஞ்சம் சொட்டும். ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு தரம் இருமுவார். “என்னம்மா... புஸ்ஸ்... சௌக்கியமா... புஸ்ஸ்...” என்பார். பாவம்.

அந்த அண்ணாச்சி மேல் உயிரையே வைத்திருந்தாள் பூரணம் என்கிற பச்சை பிளாஸ்டிக் குடம். பேர்தான் பூரணம். பிறந்ததிலிருந்து கழுத்து வரைக்கும் தண்ணீர் கண்டதில்லை. இடுப்பில் ஒரு நசுங்கல், அடியில் ஒட்டுப் போட்ட ஒரு கீறல். என்றைக்காவது ஒருநாள் அண்ணாச்சி வாயிலிருந்து கொட்டுகிற தண்ணீரில் கழுத்து வரைக்கும் நிறைந்து, கனத்துப்போய், மெல்ல மெல்ல வீட்டுக்கு நடக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத ஊரில் நாள் முழுக்க வெயிலில் யார் நிற்பது? அதனால் கிழக்கு வார்டில் ஒரு வழக்கம். வரிசையில் தனக்குப் பதிலாக ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் கல்லை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டால் போதும், ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து ஏசுவார்கள். ஒருதரம் சண்டை முற்றி, வார்டே கூடி, ‘வரிசையில் நிற்கும் கல், ஆள் நிற்பதற்குச் சமம்’ என்று தீர்மானம் போட்டு, நகராட்சி அதிகாரியிடம் முத்திரையும் வாங்கி வைத்திருந்தார்கள்.

பூரணத்தின் இடத்தில் நிற்பவன் சுடலை என்கிற அரைச்செங்கல். சூளையில் வெந்தவன், வெயிலுக்கெல்லாம் அசரமாட்டான். பூரணத்தை மதினி என்பான். காரியம் ஆக வேண்டுமென்றால் பூரணம் அவனை ‘கொழுந்தனாரே’ என்பாள். கோபம் வந்தால் ‘ஏலே செங்கலு’.

இப்படி இருக்கும்போது கவுன்சிலர் தேர்தல் வந்தது. தேர்தல் அதிகாரி, நகராட்சி ரப்பர் ஸ்டாம்ப்பு. நீலமை மணக்க மணக்க வந்தார். அவருக்கென்று ஒரு அபிப்பிராயம் கிடையாது. விதியில் என்ன இருக்கிறதோ அதைக் குத்துவார், போய்க்கொண்டே இருப்பார்.

முதலில் களத்தில் குதித்தது தண்ணி லாரி தங்கவேலு. எப்போதாவது வந்து ஆளுக்கு அரைக்குடம் ஊற்றிவிட்டு, குடத்தில் விழுந்ததைவிட ரோட்டில் அதிகமாகச் சிந்திவிட்டுப் போகிறவர். அன்றைக்கு முகப்பில் மாலை போட்டுக்கொண்டு, ஊர் காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“என் உயிரினும் மேலான குடங்களே! நான் ஜெயிச்சா வெள்ளப்பேட்டையை சிங்கப்பூர் ஆக்கிக் காட்டுவேன்! முதல் வேலையா, அந்தா நிக்குதே துருப்பிடிச்ச குழாய், அதைப் புடுங்கி எறிஞ்சிட்டு, அந்த எடத்துல ‘ஐ லவ் வெள்ளப்பேட்டை’ன்னு கலர் லைட் போட்டு ஒரு செல்ஃபி பாயிண்ட்! குடும்பத்தோட வாங்க, போட்டோ எடுங்க!”

கூட்டம் ஒன்றோடொன்று இடித்து டொம் டொம் என்று கைதட்டியது. வயிறு காலியாக இருந்தால் சத்தம் நன்றாகவே வரும்.

“அப்ப தண்ணிக்கு என்ன செய்ய?” என்று பூரணம் கேட்டாள்.

“அதுக்குத்தான் நான் இருக்கேன்லா தங்கச்சி!” தங்கவேலு ஒரு பக்க லைட்டைச் சிமிட்டினார்.

குழாய் அண்ணாச்சி புஸ்ஸ் என்றார். பூரணத்துக்கு வயிறு எரிந்தது. அரைக்குடம் ஊற்றுகிறவர் குழாய்க்குக் குழி பறிக்கிறார், அதற்கு இந்தக் கூட்டம் கைதட்டுகிறதே, இதுகளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று வந்தது.

“மதினி, சும்மா பொருமிக்கிட்டே இருந்தா ஆச்சா? நீங்க நில்லுங்க” என்றான் சுடலை.

நின்றாள். மனு வாங்கிய ஸ்டாம்ப்பு, “உங்க மனு தள்ளுபடியாச்சுன்னா உங்களுக்குப் பதிலா நிக்க மாற்று வேட்பாளர் யாராவது உண்டா?” என்று கேட்டார்.

பூரணம் யோசிக்கவே இல்லை. “எனக்குப் பதிலா நிக்கதுக்கா? அதுக்குத்தான் சுடலை இருக்கானே!”

அவர் அதற்கும் ஒரு குத்து குத்தினார். பூரணத்தின் மனு தள்ளுபடி ஆகவில்லை. மாற்று வேட்பாளர் அப்போது வாபஸ் வாங்கிவிட வேண்டும். அதைப் பூரணமும் மறந்தாள், சுடலைக்கும் தெரியவில்லை. அவன் பேரும் வேட்பாளர் பட்டியலில் அப்படியே நின்றுவிட்டது. வைத்த இடத்தில் இருப்பதுதான் அவனுக்குத் தெரிந்த வேலை.

மறுநாள் ஓட்டுக் கேட்கக் கிளம்பினாள். வெறுங்குடம், காற்றடித்தால் உருண்டு போகும். அதனால் சுடலையை எடுத்து வயிற்றுக்குள் போட்டுக்கொண்டாள். வரிசையில் சுடலைக்குப் பதிலாக அன்றைக்கு மட்டும் ஒரு ஓட்டாஞ்சில்லு நின்றது. அந்த ஊரில் எதற்கும் ஒரு பதில் உண்டு.

முதல் வீடு பித்தளைக் குடம் பெரியநாயகி வீடு. பழைய குடும்பம். புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு மினுக்கென்று உட்கார்ந்திருந்தாள்.

“பெரியம்மா, நான் ஜெயிச்சா மண்ணுக்குள்ள இருக்க குழாய் உடைப்பை அடைக்கப்போறேன். அதான் முதல் வேலை” என்றாள் பூரணம்.

“மண்ணுக்குள்ள இருக்கதை யாரு பாக்கா? வெயில்ல நின்னா என் மினுக்கம்லாம் போயிருதுட்டி. குழாயடியில ஒரு பந்தல் போடு. போடுவியா?”

பூரணம் ஒரு நொடி தயங்கினாள். ஓட்டாயிற்றே! “போடாம? அதான் பெரியம்மா முதல் வேலை!”

வயிற்றுக்குள்ளிருந்து டொக்கென்று ஒரு சத்தம். “மதினி, முதல் வேலை குழாய்லா?”

“சும்மா கெட. ஓட்டு வேணுமா வேண்டாமா?”

அடுத்த வீடு தகர டிரம் உலகநாதன். “எனக்கு நடக்க வராது தாயி, உருளத்தான் வரும். குழாயடியைச் சரிவாப் போட்டுக்குடு” என்றார்.

“சரிவுதான் அண்ணே முதல் வேலை!”

அதற்கடுத்த வீட்டில் வாளி முப்புடாதி. “சரிவாவா? நான் கவுந்து மூஞ்சியைப் பேத்துக்கிடவா? சமமாத் தளம் போடு, ஒனக்கு என் ஓட்டு” என்றாள்.

“சமதளம்தான் மதினி முதல் வேலை!”

உள்ளே மறுபடியும் டொக். “சரிவும் சமமும் ஒரே எடத்துலயா?”

“ஜெயிச்சப்புறம் பாத்துக்கிடலாம்.”

ஒரு வீட்டில் விளக்கு வேண்டும் என்றார்கள், அது முதல் வேலை. ஒரு வீட்டில் விளக்கு இருந்தால் தூக்கம் வராது, இருக்கிற விளக்கையும் அணை என்றார்கள், அதுவும் முதல் வேலை. தெரு முடிவதற்குள் வீட்டுக்கு ஒரு முதல் வேலை சேர்ந்துவிட்டது. குழாய் உடைப்பை மட்டும் யாரும் கேட்கவில்லை, பூரணமும் பேச்சை எடுக்கவில்லை.

“மதினி, வந்தவுக எல்லாரும் முதல் ஆளா நின்னா அது வரிசையா? தேர்க்கூட்டம்லா!” என்றான் சுடலை.

“ஏலே செங்கலு, ஒனக்கு அரசியல் தெரியாது.”

“அரசியல் தெரியாது மதினி. வரிசை தெரியும்.”

பூரணத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வெளியில் காட்டிக்கொள்ளாமல் சிரித்த முகமாக நடந்தாள்.

கடைசிப் பொதுக்கூட்டம் குழாயடியில் நடந்தது. உலகநாதன் முன்வரிசைக்கு உருண்டு வந்து, “தாயி, நீ ஜெயிச்சா முதல் வேலை என்ன? எல்லாரும் கேக்கட்டும், சொல்லு” என்று பெருமையாகக் கேட்டார். பெரியநாயகியும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்புடாதியும் நிமிர்ந்தாள். ஒவ்வொருவரும் தன் பேச்சுத்தான் வரப்போகிறது என்று அக்கம்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள்.

பூரணம் வாயைத் திறந்தாள். “வந்து... எல்லாமேதான்...” என்றாள்.

“எல்லாமேன்னா? என்கிட்ட பந்தல்னியே!”

“ஒங்ககிட்ட பந்தலா? என்கிட்ட சரிவுன்னா!”

“சரிவா? அடி சண்டாளி! எனக்குச் சமம்னு சத்தியம் பண்ணுனாளே!”

அப்புறம் கேட்க வேண்டுமா? டிரம் வாளியை இடிக்க, வாளி குடத்தை இடிக்க, ஒரே கலவரம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். தெருமுனையில் தங்கவேலு ஹாரனை விட்டு விட்டு அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முப்புடாதி கைப்பிடியைச் சிலுப்பிக்கொண்டு சொன்னாள், “மாற்று வேட்பாளர்னு வயித்துக்குள்ள ஒருத்தன் கெடக்கானே, அவனையும் கேட்ருவோம். ஏலே சுடலை, ஒன் முதல் வேலை என்னலே?”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “எனக்கென்ன தெரியும் அத்தை? முன்னால வந்து நிக்கவுகளுக்கு முதல்ல. இந்த ஊருக் குறையில எல்லாத்துக்கும் முன்னால வந்து நிக்கது குழாய் உடைப்பு. அது நகந்தாத்தான் பின்னால உள்ளது நகரும். பந்தல் எம்புட்டோ பின்னால வந்துச்சு.”

“செங்கலுக்கு வந்த வாழ்வைப் பாரு!” என்று கூட்டம் சிரித்துக் கலைந்தது. வரிசையில் நின்ற கற்கள் மட்டும் சிரிக்கவில்லை. குழாயைக் காப்பாற்றக் கிளம்பியவள் குழாய் என்கிற வார்த்தையையே விட்டுவிட்டாளே என்று பூரணத்துக்கே தன் மேல் ஆத்திரம்.

ஓட்டுப் பதிவு நாள். குழாயடியில் ஸ்டாம்ப்பு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். குடங்கள் வந்து வரிசையில் நின்றன. பூரணத்தின் இடத்தில் வழக்கம்போலச் சுடலை நின்றான். அந்த நேரம் பார்த்துத் தெருவின் அந்தக் கோடியில் ஹாரன் சத்தம் கேட்டது.

“இன்னைக்கு முழுக்குடம்! ஓட்டுப் போடுறதுக்கு முன்னால எல்லாருக்கும் முழுக்குடம்!”

அவ்வளவுதான். பழக்கம் யாரை விட்டது? ஆளுக்கு ஒரு கல்லை வரிசையில் வைத்துவிட்டு ஒரே ஓட்டம். பூரணம் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள். “நில்லுங்க! ஓட்டைப் போட்டுட்டுப் போங்க! ஏமாந்திராதீக!” என்று கத்திக்கொண்டே ஓடினாள். லாரிப் பக்கத்தில் போனதும் தண்ணீர் வாசம் அடித்தது. முழுக்குடம் என்கிறாரே! கத்திக்கொண்டிருந்தவள் குரல் இறங்கிற்று. ஆசை வெட்கமறியாது. அவளும் ஓரமாகப் போய் வரிசையில் நின்றுவிட்டாள்.

தங்கவேலு வழக்கம்போல ஆளுக்கு அரைக்குடத்தோடு குழாயை மடக்கினார். பூரணம் பக்கத்தில் வரும்போது அதுவும் தீர்ந்துவிட்டது. எல்லாரும் சண்டை போட்டு முடித்துத் திரும்பி வந்தபோது ஸ்டாம்ப்பு மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்.

“எங்க ஓட்டு?” என்று கேட்டார்கள்.

“போட்டாச்சே.”

“யாரு போட்டா?”

“வரிசையில் நிற்கும் கல், ஆள் நிற்பதற்குச் சமம். தீர்மானம் போட்டது நீங்க. குத்தினது நான். வரிசைப்படி வந்தாங்க, வரிசைப்படி போட்டுட்டுப் போனாங்க.”

எண்ணிப் பார்த்தால், மற்ற அத்தனை கற்களும் சுடலைக்குப் போட்டிருந்தார்கள். தங்கவேலுக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு ஓட்டே வேறு ஊரில். பூரணத்துக்கு ஒரே ஒரு ஓட்டு. அது அவள் போட்டதுகூட இல்லை, சுடலை போட்டது.

சுடலையைத் தூக்கிக் கவுன்சிலர் நாற்காலியில் வைத்தார்கள். பூரணத்துக்கு வந்த அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. நேரே போய் எதிரே நின்றாள்.

“ஏலே செங்கலு! நான் எடம் புடிக்க வச்ச கல்லு நீ. நான் வந்துட்டேன். எந்திரி!”

“எந்திரிக்கேன் மதினி, வழக்கம் அதானே” என்றான் சுடலை. “ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. ஒங்களுக்குப் பதிலா நான் நிக்கதுக்குத்தான் எடம் புடிச்சேன். நீங்க நிக்க வந்திருந்தா இப்பவே எறங்குதேன். உக்கார வந்திருந்தா எறங்க மாட்டேன்.”

பூரணத்துக்கு ஏச வேண்டும் போல் இருந்தது. ஆனால், “எங்க நிக்கணும்?” என்றுதான் கேட்டாள்.

“வால்வு சார் வாசல்ல.”

தெருவின் மேட்டில் ஒரு இரும்பு மூடி. அதற்குள் வால்வு சார். பெரிய குழாய்க்கு அவர்தான் பொறுப்பு. அவர் திரும்பி அடைத்தால்தான் உடைப்பைச் சரி செய்யலாம், அவர் திரும்பித் திறந்தால்தான் தண்ணீர் வரும். லேசில் திரும்புகிற ஆள் இல்லை. பூரணம் சுடலையை வயிற்றில் போட்டுக்கொண்டு போய்த் தட்டினாள்.

“யாரு?”

“கிழக்கு வார்டு சார்.”

“கல்லா, ஆளா?”

“ஆளு சார். பூரணம்.”

கிறீச்சென்று மூடி தூக்கிற்று. வால்வு சார் மேலும் கீழும் பார்த்தார். “அட! கிழக்கு வார்டுல ஆள் இருக்காகளா?”

“என்ன சார் இப்படிக் கேக்கீக?”

“பின்னே? நான் எட்டிப் பாக்கும்போதெல்லாம் குழாயடியில கல்லுதானம்மா நிக்குது. காலையிலயும் கல்லு, உச்சி வெயில்லயும் கல்லு. கல்லுக்கு என்னைக்குத் தாகம் எடுத்துச்சு? சரி, இந்த வார்டுக்கு அவசரம் இல்லைன்னு கடைசியில தள்ளி வச்சேன்.”

பூரணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை கோடை! எத்தனை தரம் கல்லை வைத்துவிட்டு நிழலில் போய்ப் படுத்து, இந்த ஊரில் யாருக்கும் நம் மேல் இரக்கமில்லை என்று அழுதிருக்கிறாள்!

“இப்ப வந்துட்டேன்லா சார். திறங்க.”

“ஒரு குடத்துக்கா ரோட்டை வெட்டச் சொல்லுத? போம்மா” என்று அவர் மூடியைச் சாத்திக்கொண்டார்.

பூரணம் மறுபடியும் வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை யாருக்கும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. “ஒரே வேலைதான். குழாய். மத்தது எல்லாம் அதுக்குப் பின்னால, வரிசைப்படி. நீங்க வந்து நிக்கணும்” என்றாள்.

“கல்லை வேணும்னா எடுத்துட்டுப் போ” என்றாள் பெரியநாயகி.

“கல்லு வேண்டாம் பெரியம்மா. நீங்க.”

“இந்த வெயில்லயா? போடி வேலையைப் பாத்துக்கிட்டு!”

ஒரு கதவும் திறக்கவில்லை. பூரணம் மட்டும் குழாயடிக்குப் போய், கற்களுக்கு நடுவில் தனியாக நின்றாள். வெயிலில் பிளாஸ்டிக் இளகியது. சுடலை உள்ளே இருந்ததால் காற்றில் விழாமல் நின்றாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் தங்கவேலு சங்கிலியோடு வந்து சேர்ந்தார். தேர்தலில் தோற்றால் என்ன, காண்ட்ராக்ட் தோற்குமா? செல்ஃபி பாயிண்ட் வேலை அவர் கையில் இருந்தது. “நகரு தங்கச்சி. குழாயைப் புடுங்கணும்.”

“மாட்டேன்.”

“கவுன்சிலரும் சம்மதிக்கலே” என்றான் சுடலை உள்ளேயிருந்து.

“கல்லு சொல்லி நான் கேக்கவா!” என்று சிரித்துக்கொண்டே தங்கவேலு முன்னால் வந்தார். டயர் வரிசையின் கடைசியில் ஏறிற்று. கற்கள் நறநறவென்று மண்ணுக்குள் அமுங்கின. அண்ணாச்சி விடாமல் புஸ்ஸ் புஸ்ஸ் என்றார். பூரணம் கண்ணை மூடிக்கொண்டு அவரோடு ஒட்டி நின்றாள். நகரவில்லை.

சன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியநாயகி திடீரென்று ஒரு கூப்பாடு போட்டாள்.

“ஏலே லாரி! அது என் எடம்லா! என் கல்லு மேலயா ஏறுத?”

கதவு படாரென்று திறந்தது. வெயிலாவது மினுக்கமாவது! பித்தளைக் குடம் கணீர் கணீரென்று ஓடி வந்து தன் இடத்தில் நின்றது. “எனக்கு முன்னால நீ எப்படி வரலாம்? வரிசை தெரியாதா ஒனக்கு?”

தண்ணீர் இல்லாமல் இருக்கச் சொன்னால் இருப்பார்கள். வரிசையில் ஒருத்தன் குறுக்கே புகுந்தால் கிழக்கு வார்டு பொறுக்குமா? “என் எடம்! என் எடம்!” என்று தெருவே திறந்துகொண்டது. உலகநாதன் உருண்டு வந்து டயருக்கு முன்னால் நின்றார். முப்புடாதி வந்தாள். ஒவ்வொருவரும் அமுங்கிய தன் கல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அந்த இடத்தில் தானே நின்றார்கள். குழாயடியிலிருந்து மேடு வரைக்கும் குடமும் வாளியுமாக ஒரே வரிசை. அத்தனை வாயும் காலியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

மேட்டில் இரும்பு மூடி கொஞ்சம் தூக்கிற்று. அப்புறம் இன்னும் கொஞ்சம்.

“அடக் கடவுளே! இத்தனை பேரா?” என்றார் வால்வு சார். “லாரி, வண்டியைப் பின்னால எடு. ரோட்டை வெட்டணும்.”

தங்கவேலு ஹாரன் அடித்துப் பார்த்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வால்வு சார் முக்கி முனகிக்கொண்டு திரும்பினார். உடைப்பைத் தோண்டி அடைக்கிற வரைக்கும் வரிசை கலையவே இல்லை. கலைந்தால் இடம் போய்விடுமே!

அண்ணாச்சி நெடுநேரம் இருமினார். துருவாகத் துப்பினார், சேறாகத் துப்பினார். பிறகு தெளிந்த தண்ணீர் விழுந்தது. பெரியநாயகி அழுதாள், உலகநாதன் அழுதார், முப்புடாதி சிரித்துக்கொண்டே அழுதாள். சுடலை வயிற்றுக்குள் இருக்க, பூரணத்தின் இடத்தில் கல் இல்லாததால் அவள் எல்லாருக்கும் கடைசியாகத்தான் நின்றாள். அவளும் கேட்கவில்லை. எல்லாருக்கும் முதலிடம் சொன்னவள் கடைசியில் நிற்பதுதான் முறை என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தபோது சுடலை வெளியே இறங்கிக்கொண்டான். தண்ணீர் அடியில் விழுந்தது, நசுங்கிய இடுப்பைத் தொட்டது, கழுத்துக்கு ஏறிற்று. “போதுமாம்மா?” என்றார் அண்ணாச்சி, ஒரு இருமல்கூட இல்லாமல்.

“போதும் அண்ணாச்சி” என்றாள் பூரணம். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

மறுநாள் காலையிலும் தண்ணீர் வந்தது. வரிசையில் எல்லாரும் நின்றார்கள். வெயில் ஏற ஏற, நடுவில் நின்ற பெரியநாயகி அப்படியும் இப்படியும் நெளிந்தாள். பிறகு மெதுவாகப் பூரணத்தின் பக்கம் குனிந்தாள்.

“ஏட்டி, அதான் தண்ணி வந்துட்டுல்லா. ஒரு கல்லை வச்சிட்டு ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்துரவா?”

வரிசை மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. மேட்டில் வால்வு சாரின் இரும்பு மூடி கிறீச்சென்றது, குழாயில் தண்ணீர் சட்டென்று நூலாக இளைத்தது.

“எதுக்கு இப்படி முழிக்கீக எல்லாரும்?” என்றாள் பெரியநாயகி அவசர அவசரமாக. “சும்மா கேட்டேன். நிக்கேன், நிக்கேன்!”